கம்பமும் பெட்டியும்

மின்சார அலுவலகத்தில் மின்சாரம் இல்லை. ஒரு துறைக்கு இதைவிடக் கேவலம் வேறென்ன வேண்டும்?

காலையில் அடித்த காற்றில் மரக்கிளை முறிந்து எங்கள் தெரு லைன் மேலேயே விழுந்திருந்தது. கம்பிகள் தளர்ந்து தொங்கின. கூட்ட அறையில் மின்விசிறிகள் அசையாமல் நிற்க, ஊழியர்கள் எல்லோரும் கையில் கொடுத்த காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்தோம். அது சீர்திருத்தத் திட்டத்தின் சுருக்கம். அதற்காவது பயன்பட்டது.

எதிரே, தலைமை அலுவலகம் அனுப்பிய ஆலோசகர். சட்டை நனைந்திருந்தாலும் சிரிப்பு வாடவில்லை.

திட்டம் ரொம்ப எளிது என்றார். கம்பங்களும் கம்பிகளும் துறையிடமே இருக்கும். ஃபியூஸ் பெட்டிகள் மட்டும் இன்று முதல் தனியார் கம்பெனிக்கு. புகார் வந்தால் கம்பெனி வண்டி பறந்து வரும். எல்லா உதிரி பாகமும் வண்டியிலேயே இருக்கும். யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. தாமதமானால் கம்பெனிக்கு அபராதம்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்திருந்தது. நான் புகார் பிரிவில் உட்காருபவள். கரண்ட் எப்போது வரும் என்று கேட்டு ஊரே வாய்க்கு வந்தபடி திட்டுவது என்னைத்தான்.

எங்கள் தரப்பில் பேச, சங்கம் லைன்மேன் அண்ணனை நிறுத்தியிருந்தது. வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று எரிச்சலாக வந்தது. கம்பத்தில் அணில் மாதிரி ஏறுவார். நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

வேலையின் நடுவில் ஆளனுப்பிக் கூட்டிவந்திருந்தார்கள். காக்கிச் சட்டையெல்லாம் மரத்தூள். என் பக்கத்து நாற்காலியில், வேலைப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பையைக் கீழ வைங்கண்ணே. யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க."

"இருக்கட்டும்மா. மாப்பிள்ளை தனியா கம்பத்து மேல ஏறியிருக்கான். பேசுன கையோட நான் கிளம்பணும்."

மாப்பிள்ளை என்றால் அவர் தங்கையைக் கட்டியவன். வேலைக்குச் சேர்ந்து இன்னும் நிரந்தரமாகவில்லை. அவனைப் போன்றவர்களுக்காகத்தான் இந்த விவாதமே.

முறை வந்ததும் பையோடு எழுந்தார். பணிப் பாதுகாப்பு, ஓய்வூதியம் என்று சங்கத்தில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மறந்துபோய்விட்டது.

"சார், கம்பமும் பெட்டியும் ஒரே ஆளுங்க கையில இருக்கணும் சார். மேல ஏறுறவன், பெட்டியில இருக்குற ஃபியூஸ் கட்டையைக் கழட்டி நம்பிக்கையான ஆள் கையில குடுத்துட்டுத்தான் ஏறுவான். கட்டை அந்த ஆள்கிட்ட இருக்குற வரைக்கும் கம்பியில கரண்ட் வராது. இப்பக்கூட..."

ஆலோசகர் கையை உயர்த்தினார். நம்பிக்கை, கட்டை எல்லாம் பழைய காலத்து முறை, இனி எல்லாமே கைப்பேசியில் பதிவாகும் என்று அன்பாகச் சொன்னார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அண்ணன் அப்படியே உட்கார்ந்தார். பையை மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு மானம் போனது. உரிமையைப் பற்றிப் பேசச் சொன்னால் கட்டையைப் பற்றிப் பேசிவிட்டு வருகிறாரே மனுஷன்.

அடுத்து கணக்குப் பிரிவுக்காரர் எழுந்து துறையின் நஷ்டத்தைப் பற்றி ஆரம்பித்தார். ஆலோசகர் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கைப்பேசியில் யாரையோ அதட்டினார். கூட்டம் நடக்கிற இடத்திலேயே கரண்ட் இல்லையென்றால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பது எங்கள் காதிலும் விழுந்தது.

கணக்குக்காரர் இன்னும் நஷ்டத்தை முடிக்கவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி ஒரு முறை முனகியது. பிறகு சுற்றத் தொடங்கியது. விளக்குகள் எரிந்தன.

"அப்பாடா!" என்று அறையே மூச்சு விட்டது. யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினோம். வேண்டா வெறுப்பாக வந்த சங்கத்து ஆட்கள்கூடத் தட்டினார்கள்.

ஆலோசகர் கைப்பேசியைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"பாத்தீங்களா? பெட்டியில கட்டையே இல்லையாம். யாரோ கழட்டிட்டுப் போயிட்டாங்களாம். நம்ம கம்பெனிப் பசங்க வண்டியில இருந்து புதுசு எடுத்து மாட்டிட்டாங்க!"

கைதட்டல் இன்னும் பலமானது.

அண்ணன் எழுந்தார். பை மடியிலிருந்து சரிந்து விழுந்தது. உள்ளேயிருந்த மூன்று பீங்கான் கட்டைகளும் உருண்டு வந்து என் காலடியில் நின்றன.

நான் அப்போதும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தேன்.