சாப்பிடும் முன் ஒரு போட்டோ

“பிடிச்சது எதையும் விட வேண்டாம். சாப்பிடுறதுக்கு முன்னாடி தட்டை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிடுங்க, போதும்” என்றார் டயட் டாக்டர்.

தையல்காரருக்கு வாயெல்லாம் பல். கேக்கும் உண்டு, ஐஸ்கிரீமும் உண்டு என்றால் வேறென்ன வேண்டும்?

அன்றே அனுப்பத் தொடங்கினார். பார்த்ததற்கு அடையாளமாக நீல டிக் விழும், பதில் மட்டும் வராது. அந்த மௌனம்தான் அவரை ஆட்டிவைத்தது. முழு கேக்கை அனுப்பக் கூச்சப்பட்டுப் பாதியை அனுப்பினார். பிறகு அதிலும் பாதி.

“திட்டினாக்கூடத் தேவலை. பார்த்துட்டுப் பேசாம இருக்காங்களே” என்று மனைவியிடம் புலம்பினார்.

சில மாதங்களில் தன் பேன்ட்டின் இடுப்பைத் தானே பிடித்துத் தைக்கும்படி ஆயிற்று. நன்றி சொல்ல டாக்டரிடம் ஓடினார்.

“நீங்க ஒரு போட்டோகூட அனுப்பலையே” என்றார் டாக்டர்.

தையல்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தார். அத்தனையும் மகளின் மாமியாருக்குப் போயிருந்தது.

வீட்டுக்கு விழுந்தடித்து வந்தால், பெரிய டிபன் கேரியரோடு கூடத்தில் சம்பந்தியம்மா.

“கால் துண்டு கேக்கு, ஒரே ஒரு ஸ்பூன் ஐஸ்கிரீம். சாப்பாட்டுக்கே கஷ்டம்னு வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு இப்படிப் போட்டோவா அனுப்பியிருக்கீங்க. எனக்குப் பதில் போடவே கை வரல. நாங்க என்ன அந்நியமா, சம்பந்தி? துரும்பா இளைச்சிட்டீங்களே.”

“ஐயோ, அது வந்து...”

“ஒண்ணும் பேசாதீங்க. இனிமே தினமும் சாப்பாடு நம்ம வீட்டுலேருந்து வரும். சாப்பிட்டு முடிச்சதும் காலித் தட்டை மட்டும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிடுங்க, போதும்.”