கைப்பிடி வலப்பக்கம்

தூண்டில் முள் சுழன்றுகொண்டிருந்தது.

அவர் கண்ணைச் சுருக்கி அதையே பார்த்தார். இம்மியும் ஆடவில்லை. சுழல்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. ஜன்னல் வழியே வந்த மூடுபனி மேசைவரை வந்து நின்றது. அதற்கும் வேடிக்கை பார்க்க ஆசை போலிருக்கிறது.

முள்ளைப் பிடித்துச் சுழற்றும் இடுக்கிதான் வைஸ். நல்ல வைஸ் என்றால் அப்படித்தான். முள்ளை இறுகக் கவ்வ வேண்டும். எத்தனை சுற்று சுற்றினாலும் முள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கட்டைவிரல் நகத்தால் தட்டினால் டிங் என்று கேட்க வேண்டும்.

தட்டினார். கேட்டது.

மேசைமேல் இரண்டு வைஸ்கள் இருந்தன. ஊட்டியில் தூண்டில் சாமான் விற்கிறவர் காலை பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்தார். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை நாலு மணி வண்டியில் கண்டக்டரிடம் கொடுத்துவிடச் சொல்லியிருந்தார்.

மணி மூன்றே கால்.

ட்ரவுட் மீனுக்குப் புழு வைக்கிற ஆள் இல்லை அவர். முள்ளின்மேல் நூலையும் சேவல் இறகையும் சுற்றி ஒரு பூச்சி கட்டுவார். அது ஓடையில் இறங்கினால் நிஜப் பூச்சிக்கே சந்தேகம் வந்துவிடும். முப்பது வருஷமாக, இதே மேசையில்.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு காலையில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, வலது கை போனது. இப்போது அது மடியில் கிடக்கிறது.

அன்றிலிருந்து அவர் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுவிட எமில்டா ஒருமுறை கை நீட்டினாள். மறுநாளே அவர் தலைவழி மாட்டும் ஸ்வெட்டருக்கு மாறிவிட்டார். கட்டின மனைவிதான். ஆனாலும் வீம்பு வீம்புதான்.

ஒரே ஒரு பூச்சி கட்டிவிட்டால் போதும். இன்னும் நான் ஆள்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளலாம்.

நூல் சுற்ற ஒரு கை போதும். இடது கை அதைப் பழகிவிட்டது. இறகுதான் படுத்துகிறது. ஒரு கை இறகின் நுனியைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை வைஸைச் சுழற்ற வேண்டும்.

இந்த முதல் வைஸில் அதற்கு ஒரு வழி இருந்தது. கைப்பிடி இடப்பக்கம். இடது கையால் சுழற்றலாம். இறகைப் பிடிக்கப் பல் இருக்கிறது.

பிடித்தார். சுழற்றினார்.

இறகு சுற்றுச் சுற்றாக முள்ளில் ஏறியது. அதன் இழைகள் சிலிர்த்து நின்றன. அவருக்குக் கண் பாதி மூடிக்கொண்டது.

அவலாஞ்சி ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்றார். பாதத்தில் கூழாங்கல் உருண்டது. வலது கை உயர்ந்து வீசியது. அது எப்போது எழுந்தது என்று அவர் கேட்கவில்லை, கேட்டால் விழுந்துவிடும். நூல் வளைந்து வளைந்து போய்த் தண்ணீரைத் தொட்டது. அடியிலிருந்து ஒரு நிழல் மேலே வந்தது.

மூக்கில் இறகு உரசியது.

தும்மினார்.

ஓடை போயிற்று. சுற்றியதெல்லாம் அவிழ்ந்து, இறகு பறந்து, ஜன்னல் கம்பியில் போய் ஒட்டிக்கொண்டது. இது மூன்றாவது தும்மல்.

அடுக்களையில் பட்டாணி உரிக்கும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

எமில்டா வரமாட்டாள். கல்யாணமான புதிதில் அவள் முந்தானைக் காற்றில் ஒரு பெட்டி இறகு அறை முழுக்கப் பறந்தது. இனி இந்தப் பக்கமே வராதே என்று கத்தினார். அன்றிலிருந்து அவள் மேசையைச் சுற்றித்தான் பெருக்குகிறாள். பெரிய மகாராஜா போட்ட சட்டம்.

மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டால் ஆயிற்று. இந்த வைஸே போதும். யாரும் வேண்டாம்.

ஆனாலும் இரண்டாவதை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று எடுத்தார்.

நல்ல கனம். மேசை விளிம்பில் அதைப் பொருத்தத்தான் கால் மணி நேரம் ஆனது. கைப்பிடி வலப்பக்கம் இருந்தது. இடது கைக்காரர்களுக்கென்றே செய்தது, இடது கை இறகைப் பிடிக்க, வலது கை சுழற்ற. கடைக்காரரிடம் போனில் இடது கை என்று மட்டும்தான் அவர் சொன்னார். வலது கை இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

இடது விரல்களால் புது இறகின் நுனியைப் பிடித்தார். பிடி அவ்வளவு உறுதியாக, அவ்வளவு பழையபடி இருந்தது.

மடியில் கிடந்த கையைப் பார்த்தார். எழுந்திரு என்று மனதுக்குள் சொன்னார். அது தூங்கிக்கொண்டிருந்தது.

சுழற்றத்தான் ஆள் இல்லை.

மணி மூன்று நாற்பது.

முதல் வைஸை அதன் பெட்டிக்குள் வைத்து மூடினார். கதவோரம் கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து, காலால் ஒரு நாற்காலியை இழுத்து மேசையின் வலப்பக்கம் போட்டார்.

பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியில்கூட இவ்வளவு பயந்ததில்லை.

“எமி, இங்க வந்து இதக் கொஞ்சம் சுத்தேன். மெதுவா.”

பட்டாணிச் சத்தம் நின்றது.

எமில்டா கதவுவரை வந்தாள். வழக்கம்போல அங்கேயே நின்றாள். மூடியிருந்த பெட்டியைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள்.

முந்தானையை இழுத்து இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டாள்.

வருகிற வழியில், ஜன்னல் கம்பியில் ஒட்டியிருந்த இறகை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டார்.