கோஷம்

"நாளையிலருந்து நீ வேலைக்கு வர வேணாம்த்தா." முகத்தைப் பார்க்காமல் சொன்னார் சிவபாண்டி.

முத்துமீனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் என்னண்ணே தப்புப் பண்ணேன்?"

"தப்பெல்லாம் இல்ல. வரவு கொறஞ்சிருச்சு. ஆளைக் கொறைக்கணும்னு கமிட்டில முடிவு பண்ணிட்டாக."

"முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாம இப்பிடியா நிறுத்துவீக? இதைச் சும்மா விட மாட்டேண்ணே!"

"யார்ட்ட வேணாலும் போய்ச் சொல்லு."

அவள் நேராகக் கப்பலூர் பக்கம் போனாள். அங்கே ஓர் அரசு ஆலையின் வாசலில், ஆட்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர்கள் திரண்டிருந்தார்கள். மேடையேறி மைக்கைப் பிடித்தவளை யாரும் தடுக்கவில்லை.

"பறிக்காதே, பறிக்காதே! வேலையைப் பறிக்காதே!"

கூட்டம் அப்படியே திருப்பி முழங்கியது.

"அடிக்காதே, அடிக்காதே! ஏழை வயிற்றில் அடிக்காதே!"

மறுபடியும் முழங்கியது.

"தோழர்களே, இந்தக் கோஷம் ஆலை நிர்வாகத்துக்கு இல்ல! பன்னெண்டு வருசமா உங்க சங்க ஆபீசைக் கூட்டிப் பெருக்கி, கூட்டத்துக்குக் கூட்டம் இந்த மைக்கையும் கட்டுற என்னைய இன்னைக்கு வீட்டுக்கு அனுப்பிட்டாக!"

எல்லார் பார்வையும் மேடையோரம் திரும்பியது.

பேச வந்த இடத்தில், பழக்கதோஷத்தில் தானும் கோஷம் போட்டு உயர்த்திய கையை இறக்க மறந்து நின்றார், சங்கச் செயலாளர் சிவபாண்டி.