விளக்குக் கம்பத்தடியில் ஒரு பெயர்

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு எதிரே கட்சி மாநாடு. பேச்சாளர் சோழனை மூச்சுக்கு மூச்சு அழைக்கிறார். சோழன் வருவதாகத் தெரியவில்லை. ஊர் பார்க்கத் தனியாக வந்த நான், கோபுரத்தைப் படம் பிடிக்க, விளக்குக் கம்பத்தடியில் நிற்கும் பெண்ணைச் சற்று நகரச் சொல்கிறேன். "மாட்டேங்க. கூலித் தகராறுல எங்க வூட்டுக்காரரைப் போலீசுல புடிச்சுட்டுப் போனாங்க. இன்னிக்கு விடுறாங்களாம். கோயிலுக்கு எதிர்க்க வெளிச்சத்துல நில்லுன்னு சொல்லியனுப்பினாரு." அவள் ஊரான நன்னிலத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸும் அவளைத் தாண்டிப் போகிறது. "அவர் பேரென்னம்மா?" "புருசன் பேரை எப்படிங்க வாயால சொல்றது?" கூட்டம் முடிகிறது. கம்பத்து விளக்கும் மாநாட்டு உபயம்தான் போலிருக்கிறது, சேர்ந்தே அணைகிறது. கோபுரமே தெரியவில்லை, அவளா தெரியப்போகிறாள்? இருட்டில் ஆட்கள் கலைந்து நடக்கிறார்கள். அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்து, முதலில் மெதுவாக, பிறகு தெருவே கேட்கக் கூப்பிடுகிறாள்: "சாமிதுரை... சாமிதுரை..."