உடனே பேச வேண்டும்

"வேகமா, இடமா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்கண்ணே" என்றான் தவ்பீக்.

அவன் உள்ளங்கையில் சூயிங்கம் பட்டை அளவுக்கு, லேப்டாப்பில் பதிவுகளைச் சேமிக்கும் இரண்டு எஸ்.எஸ்.டி.கள் கிடந்தன. ஸ்டீபன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஒன்றில் எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டி வைக்கலாம். ஆனால் எடுத்துத் தரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். மற்றது கேட்ட மாத்திரத்தில் எடுத்துத் தரும். ஆனால் அதில் கால்வாசிதான் கொள்ளும். வேகமும் இடமும் சேர்ந்த ஒன்றும் கடையில் இருந்தது. அதன் விலை ஸ்டீபனுக்கு எட்டவில்லை. அவருடைய பழைய லேப்டாப்பில் மாட்டுவதற்கு இருந்ததும் ஒரே ஓர் இடம்.

தவ்பீக் கோரிப்பாளையத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். கல்யாண வீடியோக்காரர்கள் வந்தாலும் காலேஜ் பிள்ளைகள் வந்தாலும் அவன் சொல்லும் யோசனை ஒன்றுதான். இடம்தான் முக்கியம், வேகத்தில் இருக்கும் வித்தியாசம் யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஸ்டீபனிடமும் அதையே சொன்னான்.

அவர் கேட்பதாக இல்லை. "ரெண்டையும் மாட்டி, பேசவிட்டுப் பாத்துருவோம் தம்பி" என்றார். குரல் கரகரத்து, கடைசிச் சொல் வெறும் காற்றாக வந்தது.

மறுநாள் காலை அவர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். தொண்டையில் வந்த கட்டி மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் அடங்கவில்லை. குரல்வளையையே எடுத்துவிடுவதென்று டாக்டர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

மிஷன் பள்ளியில் வரலாறு நடத்தும் வாத்தியார் அவர். லாக்டவுனில் எடுத்த பாடங்கள், கிறிஸ்துமஸ் நாடகங்கள், வீட்டில் விளையாட்டாகப் பிடித்த வீடியோக்கள் என்று தன் குரல் எங்கெல்லாம் இருந்ததோ அத்தனையையும் லேப்டாப்பில் சேர்த்திருந்தார். இனி அவர் தட்டச்சு செய்தால் போதும். அந்தக் குவியலிலிருந்து சொற்களைத் தேடி எடுத்துக் கோத்து, அவர் குரலிலேயே கம்ப்யூட்டர் பேசும். பழைய மாணவன் ஒருவன் அதற்கான மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருந்தான். உள்ளே எவ்வளவு பதிவு இருக்கிறதோ, அவ்வளவுக்கு அது ஸ்டீபனாகப் பேசும்.

கடைக்கு வருவதற்கு முந்தின நாள் வில்லாபுரத்தில், வீட்டில், ஒத்திகை பார்த்தார். என்ன ஆனாலும் வாயைத் திறப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தார்.

நடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தட்டிப் பழகிவிட்டு எழுந்தவர், அதை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போய் லேப்டாப்போடு கட்டிலில் உட்கார்ந்தார்.

அவர் மனைவி ஆனிமேரி, வடித்த கஞ்சியை எடுத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தாள்.

ஸ்டீபன் பதறிப்போய்த் தட்டினார். லேப்டாப்பின் பழைய டிரைவ் சொற்களைத் தேட, திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"ஆனி, நில்லு" என்று லேப்டாப் சொன்னபோது அவள் ஸ்டூலில் இடறி, கஞ்சி பாதத்தில் கொட்டியிருந்தது.

கொப்புளத்துக்கு அவரே மருந்து போட்டார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடையில் தவ்பீக் முதலில் பெரியதை மாட்டினான். பதிவுகள் மொத்தமும் அதில் அடங்கின.

ஸ்டீபன் தட்டினார். ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றுமில்லை. பிறகு கடை முழுக்க அவர் குரல் கேட்டது. "ஆனி, எங்க இருக்க?" பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்பாரே, அதே குரல். சொல்லின் ஓரத்தில் சின்னச் சிரிப்புகூட இருந்தது.

"அப்படியே நீங்கதாண்ணே!" என்றான் தவ்பீக்.

ஸ்டீபனுக்குக் கண் கலங்கியது. தொண்டை கெடுவதற்கு முந்தைய அந்தக் குரலை அவரே மறந்திருந்தார்.

அடுத்து வேகமானதை மாட்டி, கொண்ட மட்டும் ஏற்றினார்கள். விரலை எடுப்பதற்குள் பேசிவிட்டது. ஆனால் மாட்டுத்தாவணியில் பஸ் புறப்படும் நேரத்தை அறிவிப்பது போல இருந்தது. சிரிப்பு இல்லை. இழுப்பு இல்லை. யாரோ ஓர் ஆள் ஆனியைக் கூப்பிட்டான்.

ஸ்டீபன் விடவில்லை. பாடங்களைத் தூக்கிவிட்டு நாடகங்களை ஏற்றினார். நாடகங்களைத் தூக்கிவிட்டு வீட்டு வீடியோக்களை ஏற்றினார். எதை வைத்தாலும் இன்னொன்று வெளியே நின்றது. வெளியே நிற்பதை வேறொரு டிரைவில் போட்டுப் பீரோவில் வைத்துக்கொள்ளலாம் என்று தவ்பீக் சொன்னான். வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அது வாய் திறக்காது. ஸ்டீபனின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. தெருவில் ஆரன்கள் அலறிக்கொண்டிருந்தன.

கடைசியில் லேப்டாப்பைத் தவ்பீக்கின் பக்கம் தள்ளினார். "வேகமானதையே மாட்டிரு."

தவ்பீக்குக்கு மனசு கேட்கவில்லை. "இம்புட்டு நல்ல குரலை விட்டுட்டுப் போறீங்களேண்ணே. கொஞ்சம் லேட்டாப் பேசுனா என்ன? ஆத்திர அவசரத்துக்கு ஒரு தாள்ல எழுதிக் காட்டுனாப் போச்சு. அக்கா படிச்சுக்கிற மாட்டாங்களா?"

ஸ்டீபன் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"அவளுக்குக் கண்ணு தெரியாது தம்பி."

தவ்பீக் பெரியதைப் பெட்டிக்குள் வைத்து மூடினான். லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான்.

"சீக்கிரம் தம்பி" என்றார் ஸ்டீபன். "வீட்டுல தனியா இருக்கா."