மூன்றாவது ஓட்டு

ஏரித் தலைவர் தேர்தலில் எருமையை எதிர்த்து நண்டு நின்றது. எருமைதான் ஜெயிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"தோக்கப்போறோம்னு தெரிஞ்சும் எதுக்குப்பா நிக்கிற?" என்று கேட்டது அதன் சிநேகிதன் ஆமை.

"எதிர்த்து யாரும் நிக்கலைன்னா தேர்தலே நடக்காது. நம்ம சேத்துக்கரையில என்ன குறைன்னு கேக்க ஒருத்தரும் வரமாட்டாங்க," என்றது நண்டு. வளை வளையாகப் போய் ஓட்டுக் கேட்டது.

எண்ணி முடித்தபோது நண்டுக்கு மூன்றே ஓட்டு. ஏரியே சிரித்தது. நண்டுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இனிமே நிக்கவே மாட்டேன்," என்றது ஆமையிடம். "ஒண்ணு நான் போட்டது, ஒண்ணு நீ போட்டது. இன்னொண்ணு யாரோ தெரியாம போட்டிருப்பாங்க."

மூன்று நாள் கழித்து இரண்டும் கரையில் ஒரு நத்தையைப் பார்த்தன. அது ஓட்டுப் போட்டுவிட்டு இன்னும் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

"எனக்கா போட்டீங்க?" என்றது நண்டு.

"ஆமாங்க. என்கிட்ட வந்து ஓட்டுக் கேட்டது நீங்க ஒருத்தர்தானே! நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கே கிளம்பிட்டேன்."

நண்டு ஆமையைத் திரும்பிப் பார்த்தது.

"அடுத்த தடவையும் நிப்பீங்கல்ல?" என்றது நத்தை. "இப்பவே சொல்லிட்டா, இப்படியே திரும்பிடுறேன்."