கண் பட்டுவிடும்

“ரேஷ்மா, உள்ள போம்மா! கதவைச் சாத்திக்க.”

காலிங்பெல் அடித்ததுமே மாமியார் தஸ்லிமாவின் குரல் விரட்டியது. நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு அறைக்குள் போனாள் ரேஷ்மா.

பாலக்கரையில் அந்தச் சந்து முழுக்க இதுதான் பேச்சு. “தஸ்லிமா வீட்டு மருமகளைப் பார்க்கிறதுக்குப் பெருநாள் பிறையைப் பார்த்துடலாம்!”

யார் கேட்டாலும் தஸ்லிமாவுக்கு ஒரே பதில்தான். “என் மருமக அழகுக்குக் கண் பட்டுடும்ங்க.”

அழகிதான். நிக்காஹ் அன்றைக்கு மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அந்த அழகு இந்த வீட்டுக்கு வந்து ஐந்து வருஷமாகிறது. இந்தக் கெடுபிடி ஆறு மாசமாகத்தான்.

அவளையும் கணவன் அப்ராரையும் மாமியாரையும் ஒன்றாக உட்கார வைத்து, “உங்க பையனுக்கு ஒரு குறையும் இல்லைங்க. மருமகளுக்குத்தான் கர்ப்பப்பையில கோளாறு. குழந்தை தங்குறது கஷ்டம்” என்று டாக்டரம்மா சொன்னாரே, அன்றிலிருந்து.

அழகெல்லாம் சாக்கு. பிள்ளை பெறாதவளை நாலு பேர் முன்னால் நிறுத்த மாமிக்கு வெட்கம். ரேஷ்மாவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

அப்ராரிடம் அழுதும் பார்த்தாள். பொன்மலை ஒர்க்ஷாப்பிலிருந்து அலுத்து வருகிறவன், “கொஞ்ச நாளைக்கு அம்மா சொல்றதைக் கேளேன்” என்பதோடு முடித்துக்கொண்டான். அம்மா பிள்ளை!

கூடத்தில் பேச்சுக்குரல். வந்திருப்பது உப்பிலியபுரத்துப் பல்கீஸ், மாமியாரின் ஓரகத்தி.

“மருமக எங்கக்கா?”

“தலைவலின்னு படுத்திருக்கா.”

இன்று ரேஷ்மாவுக்குப் பொறுக்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதவில் கை வைத்தாள். ‘ஆமாங்க, குறை எனக்குத்தான்’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட வேண்டியதுதான்.

அதற்குள் பல்கீஸ் ஆரம்பித்துவிட்டாள்.

“அஞ்சு வருஷமாச்சு, ஒரு விசேஷமும் இல்லை. அழகை வச்சுக்கிட்டு என்னக்கா பண்றது? துறையூர்ல நல்ல பொண்ணு ஒண்ணு இருக்கு. அப்ராருக்குப் பேசட்டுமா?”

ரேஷ்மாவின் கை கதவிலேயே நின்றுவிட்டது.

“பல்கீஸு, உன்னோட இருக்கட்டும்.” தஸ்லிமாவின் குரல் தாழ்ந்தது. “குறை நம்ம பிள்ளைக்குத்தான். டாக்டரே சொல்லிட்டாங்க. அப்படியும் அவ விட்டுட்டுப் போகாம இருக்காளேன்னு அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிக்கிட்டுக் கிடக்கேன். நீ வேற!”

“யா அல்லாஹ்!” என்றாள் பல்கீஸ். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனாள்.

ரேஷ்மா கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

“மாமி, ஏன் அப்படிச் சொன்னீங்க?”

தஸ்லிமா திரும்பிப் பார்த்தாள். “கேட்டுட்டியா? எல்லார்கிட்டயும் அப்படித்தான்மா சொல்லிட்டிருக்கேன். ஆம்பளைக்குக் குறைன்னா ஊரு ரெண்டு நாள் முணுமுணுத்துட்டு விட்டுடும். உனக்குன்னு தெரிஞ்சா, தினம் ஒருத்தி அவனுக்குப் பொண்ணு பார்த்துக்கிட்டு வந்து நிப்பா.”

“அதுக்கு என்னை எதுக்கு உள்ள தள்ளணும்?”

“நீ பக்கத்துல நின்னா, ‘இல்லீங்க, எனக்குத்தான்’னு போட்டு உடைச்சிடுவியே! உனக்குத்தான் பொய்யே வராதே.”

ஆறு மாசத்து அழுகை ஒரேயடியாக வந்தது ரேஷ்மாவுக்கு. நடுவில் சிரிப்பும் வந்தது. மாமியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

“ஐயோ, இப்படியொரு பேரைக் கட்டிவிட்டது அவருக்குத் தெரிஞ்சா எவ்வளவு வருத்தப்படுவாரு மாமி!”

“நல்லாக் கேட்டே, போ! இப்படிச் சொல்லுங்கம்மான்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான்.”